மண்டபக் கேள்வியா, எழுத்து வினாக்கொத்தா?

யாழ்ப்பாண மாநகர முதல்வர் வேட்பாளர்களை வீரசிங்கம் மண்டபம் போன்ற பொது இடத்தில் நேரில் கேட்கலாம். வினாக்கொத்து அனுப்பி எழுத்தில் பதில் பெறவும் செய்யலாம். மண்டபத்தில் மழுப்பல் உடனே வெளிப்படும், ஆனால் ஒலிவாங்கி பெரும்பாலும் உரத்த குரலுக்கே கிடைக்கும். எழுத்துப் பதிலைக் கட்சி அலுவலகமே தயாரித்துக் கொடுக்கக்கூடும் என்றாலும், சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீரில் மலசலகூடக் குழிகளின் கழிவு கலப்பதை எந்த நிதியில், எத்தனை ஆண்டுகளில் தடுப்பீர்கள் என்ற கேள்விக்கு அதுவே பொருத்தமான வழி. எந்தக் கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லாதபோது முதல்வரைச் சபை உறுப்பினர்களே தெரிவு செய்வதாலும், 2018இல் தெரிவானவர் பாதீடு (வரவுசெலவுத் திட்டம்) தோற்கடிக்கப்பட்டு 2020இல் பதவியிழந்ததாலும், கூட்டுச் சேரும்போது வேட்பாளர் எந்த வாக்குறுதியைக் கைவிடுவார் என்றும் கேட்டாக வேண்டும். இதை மட்டும் மண்டபத்திலேயே, போட்டி அணியினரும் அமர்ந்திருக்கையில் கேட்பது நல்லது.