சேலம் இலவச சட்ட உதவி: பெண்கள் தயங்காமல் போகலாம்

அக்காவின் ஜீவனாம்ச விஷயமாக அஸ்தம்பட்டி கோர்ட் வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போயிருந்தோம். பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது, வக்கீல் ஃபீஸும் இல்லை, 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்திலேயே இருக்கிறது, ஆனால் நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? அமைந்த வக்கீலம்மா அக்கா அழுது முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டு, அப்புறம்தான் பேப்பரை எடுத்தார். மாமா வாங்கிய கடனுக்கு அக்கா ஜாமீன் கையெழுத்துப் போடாதபோது ஃபைனான்ஸ்காரர் அவளை மிரட்ட முடியாது என்று தெளிவாகச் சொன்னார். அது தெரியாமல் அவள் தாலிக்கொடியை அடகு வைக்கக் கிளம்பியிருந்தாள்!

கடன் வழக்குக்கு, சமரசமாகப் பேசித் தீர்க்கும் மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத் நல்லது, கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும், ஆனால் அங்கே முடிவானதற்கு அப்பீல் கிடையாது, அதனால் ஒப்புக்கொள்ளும் தொகையைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நேரில் போக முடியாதவர்கள் சட்ட உதவி எண்ணான 15100-க்குப் போன் செய்யலாம்.