கைமாறி வந்த ஸ்டில் 070

2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் பகுதியைப் புரட்டிப் போட்ட பிறகு ஊருக்கு நான்கு பேர் சிறிய செயின்சா வாங்கினார்கள். தென்னைக்கு அவை போதும். முற்றிய புளியின் அடிமரத்தில் வைத்தால் திணறிவிடும். கொல்லையில் சாய்ந்து கிடந்த இரண்டரை அடி விட்டமுள்ள புளிய மரத்தை அறுக்க வழி தேடிக்கொண்டிருந்தபோதுதான், ஒரு மர டிப்போவின் மூலையில் தூசி படிந்து கிடந்த ஸ்டில் 070 என்ற பெரிய பழைய செயின்சா கண்ணில் பட்டது. பேரம் பேசி 14,000 ரூபாய்க்கு வாங்கினேன். ஓடும் நிலைக்குக் கொண்டுவர மேலும் 6,500 ரூபாய் ஆனது.

105 சிசி எஞ்சின், பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) இல்லாமலே பத்துக் கிலோவைத் தாண்டும் எடை, குறைந்த சுழற்சியிலும் விடாத இழுவை ஆகியவைதான் இந்த இயந்திரத்தின் அடையாளம். என்னுடையதில் மேற்கு ஜெர்மனி என்று பொறித்திருப்பதால் அது 1990-க்கு முந்தையது என்று கொள்ளலாம். ஆனால் பெயர்ப் பலகையை மட்டும் நம்பிவிடக் கூடாது. இதே வடிவத்தில் சீன நகல்கள் ஏராளமாகப் புழங்குவதால், மூடியைக் கழற்றி, உள்ளே வார்ப்பு எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்பதையும் பார்த்த பின்பே விலை பேச வேண்டும்.

பழைய செயின்சா வாங்குபவர் முதலில் கழற்ற வேண்டியது சைலன்சரை. அதை எடுத்துவிட்டு, ஸ்டார்ட்டர் கயிற்றை மெல்ல இழுத்தபடி புகை வெளியேறும் துளை வழியாக டார்ச் அடித்தால் பிஸ்டனின் பக்கவாட்டு தெரியும். அங்கே மேலிருந்து கீழாகக் கீறல்கள் ஓடியிருந்தாலோ, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் அதன் காடியில் ஒட்டிக்கொண்டிருந்தாலோ, விற்பவர் எவ்வளவு குறைத்தாலும் திரும்பி வந்துவிடுவது நல்லது. ஏனெனில் இதன் சிலிண்டர் அலுமினியத்தில் வார்த்து உட்புறம் கடினப் பூச்சு கொடுக்கப்பட்டது, பழைய பைக்கின் இரும்புச் சிலிண்டரைப் போல லேத்தில் கொடுத்து உட்புறத்தைக் கடைந்து ரீபோர் செய்துகொள்ள முடியாது. என் இயந்திரத்தில் கரி கனமாகப் படிந்திருந்தது, கீறல் இல்லை. கயிற்றுப் பிடியைக் கையில் பிடித்து இயந்திரத்தைத் தொங்கவிட்டபோது சரசரவென்று இறங்காமல் விட்டுவிட்டு இறங்கியது. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம், இருக்கிறது என்பதற்கு அந்த இடத்தில் வேறு கருவி தேவைப்படவில்லை.

விற்றவர் "பிளக் மாற்றினால் ஓடும் சார்" என்றார். பிளக் மாற்றியும் ஓடவில்லை. பிளைவீலைக் கழற்றிப் பார்த்தால் தீப்பொறிக்கான மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்ட் பச்சை பிடித்திருந்தது. அதை உப்புத்தாளால் தேய்த்து, பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்து, இடைவெளியை 0.4 மில்லிமீட்டருக்கு வைத்த பிறகு நீல நிறத்தில் தீப்பொறி வந்தது. டயாஃப்ரம் வகைக் கார்புரேட்டரில் ரப்பர் தகடு அப்பளம் போல விறைத்துப்போய்க் கிடந்தது. இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பதால், அந்தக் காலத்து ரப்பர் அதற்கு ஈடுகொடுக்காது. டயாஃப்ரம், கேஸ்கெட், பெட்ரோல் குழாய் மூன்றையும் மாற்றினேன். வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓடவிட்டுத்தான் இப்போதெல்லாம் மூடி வைக்கிறேன்.

ஓட ஆரம்பித்த பின்பும் ஒரு குறை இருந்தது: ஆக்சிலேட்டரை விட்டாலும் சத்தம் உடனே இறங்கவில்லை. பலரும் இதைக் கார்புரேட்டர் திருகால் சரிசெய்யப் பார்ப்பார்கள். நானும் ஒரு மதியம் முழுக்க அதைத்தான் செய்தேன். உண்மையில் கிராங்க் தண்டின் ஆயில் சீல் காய்ந்து, அந்த வழியாகக் காற்று உள்ளே புகுந்துகொண்டிருந்தது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயிலும் பெட்ரோலோடுதான் உள்ளே போகிறது என்பதால், காற்று மிகுந்தால் ஆயிலும் குறைந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். சீலை மாற்றாமல் அப்படியே ஒரு நாள் மரம் அறுத்திருந்தால், கீறல் இல்லாத சிலிண்டர் என்று நான் மகிழ்ந்ததற்குப் பொருளே இருந்திருக்காது. கலவையில் லிட்டருக்கு 40 மில்லி ஆயில் ஊற்றுகிறேன்; புகை சற்று அதிகம்தான், இந்த வயது இயந்திரத்துக்கு அது பரவாயில்லை.

செயின் வாங்கும்போது பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி அளவு) .404 அங்குலம் என்று கேட்டு வாங்க வேண்டும். கடையில் முதலில் கொடுத்த 3/8 அங்குலச் செயின், அதைச் சுழற்றும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் உட்காரவே இல்லை. தீட்டுவதற்கு 5.5 மில்லிமீட்டர் வட்ட அரம் வேண்டும்.

அறுக்கும் திறனில் எனக்கு முழுத் திருப்தி. புளியின் வைரத்தில் பார் முழுதும் இறங்கியபோதும் எஞ்சின் மூச்சு வாங்கவில்லை; தூளாக இல்லாமல் சீவலாக வந்து விழுந்தது. ஆனால் அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங்கோ ரப்பரோ கைப்பிடியில் கிடையாது, கால் மணி நேரத்தில் விரல்கள் மரத்துப்போகின்றன. அதைவிடப் பெரிய குறை செயின் பிரேக் இல்லாதது. பாரின் நுனி எதிலாவது பட்டு இயந்திரம் முகத்தை நோக்கி எகிறினால், செயினை நிறுத்துவதற்கு இதில் எதுவும் இல்லை. அதனால் தரையில் கிடக்கும் மரத்தைத் துண்டு போடுவதற்கு மட்டுமே எடுக்கிறேன். கிளை கழிக்க வேண்டும் என்று மைத்துனர் இருமுறை கேட்டார். பக்கத்து வீட்டுச் சிறிய மெஷினை வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.