ஆன்டெனா, ஹெட்ஃபோன், அப்பாவின் குட்டி டிவி: நான்கு வருட அனுபவம்

அப்பாவுக்கு இரவில் வசந்தம் தமிழ்ச் சேனல் பார்க்க வேண்டும். பக்கத்து அறையில் பிள்ளைகள் தூங்க வேண்டும். எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இரண்டுக்கும் வழி செய்யத்தான் 12 அங்குலக் கையடக்க டிவி ஒன்றை வாங்கினேன். சிங்கப்பூரில் 2019 பிறந்ததோடு அனலாக் ஒளிபரப்பு நின்றுவிட்டது. அதனால் இங்குள்ள டிஜிட்டல் ஒளிபரப்பான டிவிபி-டி2 சிக்னலை வாங்கும் செட்டா என்று பார்த்து வாங்கினேன். படத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நான் பட்டதெல்லாம் அதன் பக்கவாட்டில் இருக்கும் துளைகளால்தான்.

ஆன்டெனாவுக்கு ஒன்று, ஹெட்ஃபோனுக்கு ஒன்று. இரண்டும் 3.5 மில்லிமீட்டர், இரண்டும் கறுப்பு, அருகருகே. முதல் வாரமே அப்பா ஹெட்ஃபோனை ஆன்டெனா துளையில் செருகிவிட்டார். சத்தம் ஸ்பீக்கரில்தான் வந்தது. காது மூடியிருந்ததால் அவருக்கு மங்கலாகக் கேட்டது, ஒலியை ஏற்றிக்கொண்டே போனார். நான் ஓடிவந்து, ஒலியைக் குறைக்காமலே பிளக்கைப் பிடுங்கிச் சரியான துளையில் வைத்தேன். அடுத்த நொடி அப்பா ஹெட்ஃபோனைக் கழற்றி எறிந்தார். அன்று முழுக்க அவர் காதில் ரீங்காரம் ஓயவில்லை. எழுபது வயதுக் காதுக்கு நானே செய்த கெடுதல் அது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு முறை உண்டு. முதலில் ஒலியைப் பூஜ்யத்துக்கு இறக்க வேண்டும், அப்புறம் பிளக், அதன் பிறகே காது. ஹெட்ஃபோன் துளையைச் சுற்றிச் சிவப்பு நெயில் பாலிஷ் பூசிவிட்டேன். உலகச் சுகாதார நிறுவனம் 80 டெசிபெல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்கிறது. 90 டெசிபெல் என்றால் வெறும் 4 மணி நேரம். கொஞ்சம் கூட்டினால்கூட நேரம் இவ்வளவு சுருங்குகிறது என்று தெரிந்த பிறகு, ரிமோட்டில் எந்த எண்ணைத் தாண்டக் கூடாது என்று டிவியிலேயே எழுதி ஒட்டினேன்.

அடுத்தது வயர். ஹெட்ஃபோன் மாட்டியதை மறந்து அப்பா எழுந்து நடந்தார், டிவி மேசையிலிருந்து சரிந்தது. நல்லவேளை, மெத்தையில் விழுந்தது. இப்போது நடுவில் ஒரு நீட்டிப்பு வயர் போட்டு, டிவி பக்கத்துப் பாதியை மேசைக் காலில் கட்டியிருக்கிறேன். இழுத்தால் இணைப்பு கழன்றுவிடும், டிவி அசையாது. பெரிய ஆன்டெனா வயரை இந்தச் சின்னத் துளைக்குப் பொருத்தும் கனமான அடாப்டரை நேராகத் துளையில் தொங்கவிட்டாலும் உள்ளே பற்றவைத்த சால்டர் விட்டுப்போகும். ஆன்டெனா பக்கமும் அதனால் குட்டி வயர் ஒன்றுதான்.

ஆன்டெனாவில் பலர் கவனிக்காதது, மெனுவில் இருக்கும் ‘ஆன்டெனா பவர்’. ஆம்ப்ளிஃபயர் உள்ள ஆன்டெனாவுக்கு வயர் வழியாக 5 வோல்ட் அனுப்புவது அது. சாதாரண ஆன்டெனாக்கள் சிலவற்றில் உள்கம்பியும் வெளிவலையும் மின்சாரத்துக்கு ஒன்றாகவே இணைந்திருக்கும். அதை மாட்டி இந்தப் பவரை விட்டால் ஷார்ட்தான். சுவரில் இருக்கும் பொது ஆன்டெனா சாக்கெட்டில் செருகும்போதும் அணைத்துவிடுங்கள். டிவியோடு வரும் நீட்டுக் கோலை முழுக்க இழுக்கவும் வேண்டாம். கோல் டிவி அலையின் நீளத்தில் ஏறக்குறைய கால் பங்கு இருந்தால் போதும்; 550 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு அது 13.6 சென்டிமீட்டர்தான். கோலின் நீளத்தைவிட ஜன்னல் பக்கம் வைப்பதுதான் எங்களுக்குப் பலன் தந்தது. ஆனால் ஜன்னலுக்கு வெளியே எதையும் நீட்டாதீர்கள், கீழே ஆள் நடக்கிறார்கள்.

இங்கே ஆண்டுக்கு 160 நாளுக்கு மேல் இடி இடிக்கிறது. சுவர் ஆன்டெனா, சார்ஜர், காதில் ஹெட்ஃபோன் என மூன்றும் ஒரே டிவியில் இருக்கும்போது மின்னல் வெட்டினால், வயர் வழியே வருவது காதுவரை வரலாம். வானம் இருளும்போதே சார்ஜரையும் சுவர் வயரையும் கழற்றிவிடுகிறேன். தலைக்கு மேல் இடிக்க ஆரம்பித்த பிறகு வயரைத் தொடுவதில்லை. முன்பே கழற்றியிருந்தால் பேட்டரியிலும் கோலிலும் செய்தி ஓடிக்கொண்டிருக்கும், ஸ்பீக்கரில் மெல்லிய சத்தத்தோடு. கையடக்க டிவி வாங்கியதன் முழு மதிப்பையும் நான் உணர்வது அந்த நேரத்தில்தான்.

பேட்டரி முன்பு மூன்று மணி நேரம் தாங்கியது, இப்போது பாதிதான். அடுத்த செட் வாங்கும்போது திரையைப் பார்க்கும் முன் திருப்பிப் பார்ப்பேன், இரண்டு துளைகளும் எதிரெதிர்ப் பக்கத்தில் இருக்கின்றனவா என்று.