மெயில்சிம்ப்: ஃபுட்டரைப் பார்த்துக்கொள்ளும், ஒப்புதலைப் பார்த்துக்கொள்ளாது

ஸ்பாம் சட்டங்களில் சிக்காமல் விளம்பர மெயில் அனுப்ப, மொத்தமாக மெயில் அனுப்பும் சேவையான மெயில்சிம்ப் மட்டும் போதுமா? அமெரிக்கச் சட்டத்துக்குப் பெரும்பாலும் போதும். கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போதாது.

அமெரிக்காவின் 2003 கேன்-ஸ்பாம் சட்டம் முன்கூட்டியே ஒப்புதல் கேட்கச் சொல்வதில்லை. அனுப்புநர் பெயரிலும் தலைப்பிலும் பொய் கூடாது, அஞ்சல் முகவரி வேண்டும், விலக வழி வேண்டும், விலகக் கேட்டவரை 10 வேலை நாட்களுக்குள் விடுவிக்க வேண்டும். தலைப்பை நீங்கள்தான் யோக்கியமாக எழுத வேண்டும். முகவரியையும் அன்சப்ஸ்கிரைப் இணைப்பையும் மெயில்சிம்ப் தானே சேர்க்கிறது. டிசைனில் இருந்து எடுத்துவிட்டாலும் அனுப்பும்போது தன் ஃபுட்டரை, அதாவது மெயிலின் அடிப்பகுதியை, ஒட்டிவிடும். கணக்கில் வீட்டு முகவரியைக் கொடுத்தால் அதுதான் ஒவ்வொரு மெயிலிலும் போகும். தபால் பெட்டி எண் வாங்கிக்கொள்வது நல்லது.

சிக்கல் தொடங்குவது ஆடியன்ஸ்களில், அதாவது மெயில்சிம்பின் தொடர்புப் பட்டியல்களில். ஒரு ஆடியன்ஸில் விலகியவர் இன்னொன்றிலும் இருந்தால், அங்கே சந்தாதாரராகவே நீடிப்பார். அடுத்த மெயில் போகும், புகார் வரும். ஒரே ஆடியன்ஸ் வைத்து, பிரிவுகளுக்கு டேக் (அடையாளக் குறி) போடுங்கள்.

படிவத்தில் சேர்ந்தவர் மெயிலில் வரும் இணைப்பைச் சொடுக்கி உறுதிசெய்யும் டபுள் ஆப்ட்-இன்னைக் கட்டாயம் இயக்குங்கள். சேர்ந்த நேரம், உறுதிசெய்த நேரம், ஐபி முகவரி எல்லாம் பதிவாகும். ஒப்புதல் இருந்ததை நிரூபிக்கும் சுமை கனடாவிலும் ஐரோப்பாவிலும் அனுப்புகிறவர் தலையில்தான். கோப்பிலிருந்து ஏற்றும் பெயர்களுக்கு இந்தத் தடயம் கிடையாது. படிவத்தில் அன்றைக்கு என்ன வாசகம் இருந்தது என்பதையும் படமெடுத்து வையுங்கள். முன்பே டிக் செய்த பெட்டி இரண்டு இடத்திலும் செல்லாது.

2014இல் நடைமுறைக்கு வந்த கனடாவின் ஸ்பாம் தடுப்புச் சட்டம்தான் உண்மையான தலைவலி. வாடிக்கையாளர் வாங்கிய நாளிலிருந்து 2 ஆண்டு, வெறுமனே விசாரித்திருந்தால் 6 மாதம்: நேரடியாகக் கேட்டு வாங்காத மறைமுக ஒப்புதலின் ஆயுள் அவ்வளவுதான். இந்தக் கெடுவை மெயில்சிம்ப் தானாக எண்ணித் தராது. 'கடைசியாக வாங்கிய தேதி', 'விசாரித்த தேதி' என்று புலங்கள் சேர்த்து, கெடு தாண்டியவர்களை விலக்கும் செக்மெண்ட் (வடிகட்டிய பட்டியல்) ஒன்றை நீங்களே அமைக்க வேண்டும். கெடு முடிந்த பிறகு "தொடர்ந்து அனுப்பலாமா?" என்று கேட்கும் மெயிலையும் அந்தச் சட்டம் வணிக மெயிலாகத்தான் பார்க்கிறது. வாங்கியவர்களிடம் 22ஆம் மாதத்திலேயே கேட்டுவிடுங்கள். மீறும் நிறுவனத்துக்கு அபராதம் 1 கோடி கனடிய டாலர் வரை போகலாம்.

சட்டம் இல்லாவிட்டாலும் 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும் கெடுபிடி செய்கின்றன. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளுக்கு 5,000 மெயிலைத் தொட்டால் மெயில் உண்மையிலேயே உங்கள் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் டிகேஐஎம், எஸ்பிஎஃப், டிமார்க் அமைப்புகள், ஒரே சொடுக்கில் விலகும் வசதி எல்லாம் வேண்டும். ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது. மெயில்சிம்ப் தரும் இரண்டு சிநேம் பதிவையும் டிமார்க்குக்கு ஒரு டெக்ஸ்ட் பதிவையும் உங்கள் டொமைனின் டிஎன்எஸ் அமைப்பில் போட்டால் வேலை முடிந்தது. ஜிமெயில் முகவரியையே அனுப்புநராக வைத்திருந்தால் இதெல்லாம் நடக்காது, சொந்த டொமைன் வேண்டும்.

கட்டணத்தில் ஒரு எரிச்சல்: விலகியவர்களும் எண்ணிக்கையில் சேர்கிறார்கள். காசு மிச்சம் என்று நிரந்தரமாக அழித்துவிடாதீர்கள், ஆர்கைவ் செய்யுங்கள்; எண்ணிக்கையில் வரமாட்டார்கள், விலகிய பதிவும் இருக்கும். வேறு சேவைக்கு மாறினால் அவர்களுக்குத் தவறியும் மெயில் போகாமலிருக்க, முதலில் கொண்டுபோக வேண்டிய பட்டியல் அவர்களுடையதுதான்.