இடுப்பு வலிக்குக் கைரோபிராக்டிக்: கையா, கருவியா, மேஜையா?

அதே இடுப்பு வலிக்கு ஒரு கைரோபிராக்டர் (முதுகெலும்பையும் மூட்டுகளையும் அழுத்தியும் இழுத்தும் சிகிச்சை தருபவர்) கையால் சொடுக்குவார், இன்னொருவர் கருவியால் தட்டுவார், மூன்றாமவர் மேஜையோடு சேர்த்து இழுப்பார். மூன்றும் ஒன்றல்ல. எந்த உடம்புக்கு எது என்பதில்தான் பலன் இருக்கிறது.

கையால் சொடுக்குவதுதான் மூத்த முறை. 1895-இல் அமெரிக்காவின் டேவன்போர்ட்டில் டி.டி. பாமர் தொடங்கிவைத்தது. வலிக்கிற பக்கம் மேலே வர ஒருக்களித்துப் படுக்க வேண்டும்; கீழ்க்கால் நீட்டி, மேல்காலை முட்டி மடக்கி வைப்பார்கள். தோளைப் பின்னுக்கும் இடுப்பை முன்னுக்குமாக மெல்லத் திருப்பி, மூட்டில் தளர்வே மிச்சமில்லாத இடம் வந்ததும், மூச்சு வெளியேறும்போது ஒரே தள்ளல். கால் நொடிக்குள் முடிந்துவிடும். தளர்வு தீருமுன் தள்ளினாலும், படுத்திருப்பவர் விறைத்துக்கொண்டாலும் விசை தசையோடு நின்றுபோகும். உடம்பை அதிகமாக முறுக்கினால் ஏற்கெனவே பிதுங்கிய டிஸ்க்குக்கு (முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள மெத்தை போன்ற வட்டு) தொந்தரவு கூடும். 'டக்' என்ற சத்தம் எலும்பு இடத்தில் உட்கார்ந்ததற்கு அடையாளமல்ல. மூட்டுத் திரவத்தில் வாயுக் குமிழி உண்டாவதால் வருவது. விரலில் நெட்டி முறித்தால் கேட்பதும் அதுவே. சத்தம் வரவில்லை என்று அதே இடத்தைத் திரும்பத் திரும்பத் தள்ளுபவரிடம் போகாதீர்கள்.

தள்ளும் விசையைக் குறைக்க வந்தது தாம்சன் டிராப் மேஜை. இடுப்புக்குக் கீழுள்ள பலகையைச் சற்றே உயர்த்தி வைத்து அழுத்தினால், அது சட்டென்று கொஞ்சம் இறங்கும். பலகையின் பிடிமானத்தை ஆளின் எடைக்கு ஏற்பத் திருகி வைக்க வேண்டும்: லூசாக இருந்தால் தள்ளுமுன்பே விழும், இறுக்கமாக இருந்தால் விழவே விழாது, முழு விசையும் முதுகில் இறங்கும்.

ஆக்டிவேட்டர் என்பது கைக்குள் அடங்கும் ஸ்பிரிங் கருவி. சில மில்லிநொடியில் ஒரு தட்டு. முறுக்கல் இல்லாததால் முதியவர்களுக்கும், முறுக்கலுக்குப் பயந்து விறைத்துக்கொள்பவர்களுக்கும் ஏற்றது. எங்கே தட்டுவது என்பதைக் கால் நீளம் பார்த்து முடிவு செய்வார்கள், அதுதான் பலவீனம். சில மில்லிமீட்டர் வித்தியாசத்தைக் கண்ணால் அளக்கையில் ஆளுக்கொரு விடை வரும்.

டிஸ்க் பிதுங்கி வலி காலுக்கு இறங்குகிறவர்களுக்கு எங்கள் முதல் தேர்வு காக்ஸ் முறை. குப்புறப் படுக்கவைத்து, ஒரு கையால் முதுகெலும்பைப் பிடித்துக்கொண்டு, மேஜையின் கால்பகுதியை மெதுவாகத் தாழ்த்தி இழுப்பார்கள். 4 நொடி வீதம் 5 இழுப்பு, அதுபோல 3 சுற்று. கணுக்காலில் பட்டை மாட்டுமுன் கையால் இழுத்துச் சோதிக்க வேண்டும். வலி காலிலிருந்து இடுப்பை நோக்கிச் சுருங்கினால் சரியான திசை. பாதம் நோக்கி நீண்டால் உடனே நிறுத்த வேண்டும். நேரம் பிடிக்கும் முறை, பொறுமை வேண்டும்.

எலும்புப்புரை (எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் உடையும் நிலை) முற்றியவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், எலும்பு முறிவோ முதுகெலும்பில் புற்றுநோயோ உள்ளவர்கள் கையால் சொடுக்க அனுமதிக்கக் கூடாது. கழுத்தைத் திருகிச் சொடுக்குவதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டோம்: அரிதாக என்றாலும், மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்ததுண்டு. இடுப்பு வலியோடு சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போனாலோ எந்த மேஜையிலும் படுக்காமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.