போட் பேன்: உடனே தூக்குவதா, சேர்த்துவைத்துத் தூக்குவதா?

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ இருந்துகொண்டு ஐம்பது, நூறு பேருக்கு மைன்கிராப்ட் விளையாட்டு சர்வர் நடத்துகிறவர்களுக்கு போட்டை, அதாவது ஆளுக்குப் பதில் தானாக ஆடும் நிரலை, கண்டுபிடிப்பது பெரிய பாடு இல்லை. எப்போது தூக்குவது என்பதில்தான் தலைவலி. சர்வரில் போட்ட கண்காணிப்புப் பிளகின் (துணை நிரல்) சந்தேகப்பட்ட நொடியே பேன், அதாவது கணக்குக்குத் தடை, என்பது ஒரு வழி. பதிவை மட்டும் சேர்த்துவைத்து, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரே அலையாகத் தூக்குவது இன்னொன்று. என் ஓட்டு அலைக்கு.

உடனடி பேன் பார்க்க நன்றாக இருக்கும், புகார் சொன்னவனுக்கும் திருப்தி. ஆனால் எதில் மாட்டினோம் என்பதை போட் எழுதுகிறவனுக்கு நாமே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். இன்று கிளிக் இடைவெளியை மாற்றுவான், நாளை நடக்கும் பாதையை. அலையில் எந்தச் சோதனை காட்டிக்கொடுத்தது என்று அவனுக்குத் தெரியாது. ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் ஆட்டத்தை நடத்தும் ஜேஜெக்ஸ் 2011 அக்டோபரில் ஒரே நாளில் சுமார் 15 லட்சம் கணக்குகளைத் தூக்கியது. வால்வ் கம்பெனியின் ஏமாற்றுத் தடுப்பு முறையான வேக் (VAC) போடும் பேனும் வேண்டுமென்றே தாமதித்துத்தான் விழும்.

இதையெல்லாம் விட முக்கியமானது, தப்பாக விழுந்த பேன். மைன்கிராப்ட் சர்வர் ஆட்டத்தைப் புதுப்பிக்கும் ஒரு சுற்று, அதாவது ஒரு டிக், 50 மில்லிநொடி. மழையில் குலசேகரம் பக்கம் நெட் லைன் இழுத்தால், தேங்கிய பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) மொத்தமாக வந்து விழும். சர்வருக்கு அது, பையன் வேகத்தைக் கூட்டி ஓடுவதுபோலத் தெரியும். உடனடி பேன் அவனைத் தூக்கிவிடும். பதினைந்து நாள் பதிவு கையில் இருந்தால் விஷயம் வேறு. லைன் இழுத்த நேரத்தில் மட்டும் பிசகு இருந்தால் அது லேக், வெறும் நெட் தாமதம். இரவு முழுக்க, சாப்பாட்டு இடைவேளைகூட இல்லாமல், ஒரே இடைவெளியில் கிளிக் விழுந்தால் அது தானாகக் கிளிக் செய்யும் ஆட்டோ கிளிக்கர். இடைவெளியை ரேண்டமாக்கிய மேக்ரோவும் (கிளிக்குகளை வரிசையாகப் போடும் நிரல்) பெரும்பாலும் தப்பாது: மனுஷக் கை ஒரு வேகத்தைச் சுற்றியே இருக்கும், நடுவில் எப்போதாவது நீண்ட தயக்கம் வரும். சாதாரண மேக்ரோவிலோ, வைத்த எல்லைக்குள் எல்லா இடைவெளியும் சமமாகப் பரவிக் கிடக்கும்.

ஐபி பேனை, அதாவது ஒரு நெட் முகவரியையே தடுப்பதை, இரண்டு முறையிலும் தொடாதீர்கள். ஹாஸ்டல் வைஃபையில் ஒருவன் செய்த தப்புக்கு மொத்த மாடியும் வெளியே நிற்கும். மொபைல் நெட்டில் முன்பின் தெரியாதவர்களுக்கும் ஒரே பொது ஐபி வரலாம். "அண்ணே, போட் போட்டது தம்பி, என் ஐடி என்ன பண்ணிச்சு?" என்று கேட்டால் பதில் கிடையாது.

அலைக்கும் விலை உண்டு. காத்திருக்கும் நாட்களில் போட் தோண்டிய வைரம் சந்தைக்கு வந்து விலையை இறக்கும். சந்தேகக் கணக்குக்கு ஆட்டத்துக்குள் இருக்கும் ஏலத்தை மட்டும் சத்தமில்லாமல் மூடலாம், ஆனால் கெட்டிக்காரன் மோப்பம் பிடித்துவிடுவான். மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கோர்புரொடெக்ட் பிளகினில் 14 நாள் ரோல்பேக் (பழைய நிலைக்குத் திருப்புவது) போட்டால் பிளாக்குகள் திரும்பும். கைமாறிப் போனது பெரும்பாலும் போனதுதான்.

அலை தப்பாது என்றும் இல்லை. 2010 ஜூலையில் வேக் சுமார் 12,000 மாடர்ன் வார்ஃபேர் 2 ஆட்டக் கணக்குகளைத் தவறாகத் தூக்கியது. கோப்பு அப்டேட் ஆகும் நேரத்தில் வட்டில் இருந்ததும் நினைவகத்தில் இருந்ததும் பொருந்தாததுதான் காரணம். வால்வ் பேனை நீக்கி, ஆளுக்கொரு லெஃப்ட் 4 டெட் 2 ஆட்டம் கொடுத்தது. அதனால் பட்டியலை வேறொரு அட்மினும் ஒருமுறை பார்த்த பிறகே பொத்தானை அழுத்துங்கள்.

ஷூட்டர் ஆட்டமென்றால் இந்தக் கணக்கு அப்படியே ஒத்துவராது. தானாகக் குறிபார்த்துச் சுடும் எய்ம்பாட்டை வைத்திருப்பவன் பத்து நிமிஷ மேட்சை அங்கேயே கெடுத்துவிடுகிறான். அவனை அந்த மேட்சிலிருந்து உடனே கிக் செய்து வெளியேற்றலாம், கணக்கின் பேனை மட்டும் அலைக்கு விடலாம்.