மவுசாகலையில் பாய்ப்படகுக்கு எந்த மோட்டர்?

எங்கள் 14 அடிப் பாய்ப்படகின் பழைய இரண்டு ஸ்ட்ரோக் மோட்டர் போன வருடம் இறுகிப்போனது. கழற்றிப் பார்த்தால், தண்ணீரை இழுத்து இஞ்சினைக் குளிரவைக்கும் றப்பர் இம்பெல்லரின் இதழ்கள் தேய்ந்து குச்சியாக நின்றன. மஸ்கெலியாவில் நாங்கள் பாய் விரிக்கும் மவுசாகலை நீர்த்தேக்கத்துச் செம்மண் சேறு செய்த வேலை.

பழையபடி 5 குதிரைவலு இரண்டு ஸ்ட்ரோக், 2.3 குதிரைவலு ஹொண்டா நான்கு ஸ்ட்ரோக், பற்றரி மோட்டர் என்று மூன்றைப் பார்த்தோம். நான் ஹொண்டாவை எடுத்தேன்.

வலுவைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை. மவுசாகலை 1,100 மீற்றருக்கு மேல் இருக்கிறது; அங்கே காற்று மெலிவதால் பெற்றோல் இஞ்சினுக்குப் பத்தில் ஒரு பங்கு வலு குறையும். ஆனாலும் காற்று விழுந்த பிறகு கரை சேர அது தாராளம். ஆடி மாதக் காற்றை எதிர்த்து இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை.

தீர்மானித்தது பாரம்தான். சிவனொளிபாத யாத்திரைக் காலத்தில், பங்குனி சித்திரையில், தண்ணீர் வற்றி, நீர்த்தேக்கத்தில் மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயில் சுவர்கூட வெளியே தெரியும். அப்போது பாதையிலிருந்து படகுவரை கணுக்கால் புதையும் சேற்றுச் சரிவு. மோட்டரைப் படகில் விட்டுவரவும் முடியாது. பழையது 20 கிலோ, இரண்டு பேர் வேண்டும். ஹொண்டா ஏறக்குறைய 14 கிலோ. தோளில் வைத்து நானே இறங்குகிறேன். காற்றால் குளிர்வதால் இம்பெல்லரும் இல்லை, சேற்றுப் பயமும் இல்லை. சத்தம் அதிகம்தான். ரிவர்ஸ் கியர் கிடையாது, மோட்டரையே திருப்ப வேண்டும். கண்டபடி படுக்க வைத்தால் ஓயில் சிலிண்டருக்குள் ஏறும்.

ஒன்றை மறக்க வேண்டாம்: தண்ணீருக்குள் இருக்கும் விசிறிவரை இறங்கும் தண்டு 20 அங்குல நீளமாகக் கேட்டு வாங்குங்கள். 15 அங்குலம் என்றால், பாயை இறக்க ஒருவர் முன்னுக்குப் போனதுமே பின்பக்கம் எழும்பி, விசிறி வெளியே வந்து வெறும் காற்றில் சுற்றும்.

2022இல் பெற்றோல் வரிசையில் நின்ற யாருக்கும் பற்றரி மோட்டர் ஆசை வரும். சத்தமில்லை, மலைக்காற்றும் அதைப் பாதிக்காது. ஆனால் முழு வேகத்தில் 50 அம்பியர் இழுக்கும் மோட்டருக்கு 100 அம்பியர் மணி ஈயப் பற்றரி ஒரு மணித்தியாலம்தான் தாங்கும். கணக்குக்கு இரண்டு மணித்தியாலம் வரும், ஆனால் சார்ஜைப் பாதிக்கு மேல் இறக்கினால் பற்றரி கெடும். அதைத் தூக்குவதென்றால் கிட்டத்தட்ட 30 கிலோ! லித்தியம் பற்றரி அதில் பாதிகூட வராது. கையில் காசு இருந்தால் அதையும் பாருங்கள். நான் ஒரு நண்பரின் படகில் ஒரே ஒரு பின்னேரம்தான் ஓட்டியிருக்கிறேன்.

ஹொண்டாவின் கார்புரேட்டர் ஒருமுறை அடைத்தது. டவுனில் புல்வெட்டி மெசின் திருத்துகிறவரே கழற்றிக் கழுவித் தந்தார். இப்போது கரைக்கு வருமுன்பே பெற்றோல் குழாயை மூடிவிடுகிறேன். கார்புரேட்டரில் நின்று அடைக்கக்கூடிய மிச்சம் எரிந்து, இஞ்சின் தானாக நிற்கும்.